யாரும் கை வைக்காத துடுப்பு

அந்தப் பட்டறையில் ஒருவர் தொடங்கும் வேலையை நாலு பேர் முடிப்பார்கள். முடித்துக்கட்டுவார்கள் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். மாமனார், அவருடைய மூத்த மகன், இளைய மகன், வீட்டு மாப்பிள்ளை என்று நாலு ஆண்கள். நாற்காலியோ கதவோ மேசையோ, எதுவானாலும் வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேரும் அதன்மேல் ஒருமுறை கை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த வழக்கத்துக்கு அவர்களே ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: கடைசிக் கை.

எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் இளைய மருமகள், பதினோரு வருஷமாக இந்தக் கடைசிக் கைகளுக்கு நடுவில் வேலை பார்த்துவந்தாள். உப்புத்தாள் தேய்க்க வந்தவள். தேய்த்துக்கொண்டே இருந்ததில் பசை ஒட்டும் வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. யாருடைய பெருந்தன்மையும் இதில் இல்லை. ரம்பத்துக்குச் சத்தம் உண்டு, இழைப்புளிக்குச் சுருள் சுருளாகச் சீவல் உண்டு, சுத்தியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பசைக்கு அப்படி ஒரு பவிசும் கிடையாது. தடவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது அந்த வீட்டு ஆண்களுக்கு வீட்டு வேலை இருக்கும்போது மட்டும்தான் வரும். ஆகவே பசை அவளுடையதாயிற்று.

ஒட்டுவது அவள், ஆனால் ஒட்டியது ஒட்டியபடி இருக்க விடமாட்டார்கள். ஒரு முறை, விரலால் தொட்டாலே ஓடும்படி ஓர் இழுப்பறை செய்தாள். மாமனார் அதை 'லேசாக' இழைத்தார். அதற்குப் பிறகு அந்த இழுப்பறை இழுக்காமலே கீழே விழுந்தது. இன்னொரு முறை உடைந்த நாற்காலிக் காலை ஒட்டிவைத்தாள். கணவனின் அண்ணன் பாதுகாப்புக்கு என்று ரெண்டு ஆணி அடித்தார். ஒட்டிய இடம் அப்படியே நிற்க, பக்கத்தில் புதிதாகப் பிளந்தது. நாற்காலியின் சொந்தக்காரர் திரும்பி வந்து கத்தியபோது நாலு பேரும் ஒரே குரலில், "பசை சரியில்ல" என்றார்கள். பசை என்றால் சின்னவள்.

அன்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுதால் அழுகையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் அழாமல், மாமனார் டீ குடித்து முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

"மாமா, எனக்கு அந்த ஜன்னலோர பெஞ்சு வேணும்."

"அது அங்கதானே இருக்கு? யாரு தூக்கிட்டுப் போறா?"

"எனக்கே எனக்குன்னு வேணும் மாமா. அதுல நான் வைக்கிற வேலைய, நான் எடுக்கிற வரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது."

"தொடக் கூடாதுன்னா?" என்று கேட்டார் கணவனின் அண்ணன். கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார்; எதைப் பார்த்தாலும் அதன்மேல் வைத்து, நடுவில் இருக்கும் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். சாப்பாட்டு மேசையைக்கூட விட்டுவைத்ததில்லை.

ஜன்னலோர பெஞ்சில்தான் காலை வெளிச்சம் விழும். மரத்தைக் கவ்விப் பிடிக்கப் பட்டறையிலேயே நல்ல வைஸ் அதில்தான் பொருத்தியிருந்தது. இத்தனை இருந்தும் அதன்மேல் யாரும் வேலை செய்வதில்லை. மாமனாரின் பிளாஸ்க், அவர் படித்து முடித்த ஒரு மாதத்துச் செய்தித்தாள்கள், பாடாத ரேடியோ ஒன்று, மாப்பிள்ளையின் ஹெல்மெட் எல்லாம் அங்கே குடியிருந்தன. அதைக் கொடுக்க மாமனாருக்கு மனசில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பாக்கலாம்" என்றார். ரெண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்தத் துடுப்பு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் ஆற்றங்கரைப் படகுச் சங்கத்தில் துடுப்பு போடுகிறவள். நாற்பது வயதிருக்கும். கதவு நிலை மாதிரித் தோள்கள். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவருவதைப் போலத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தாள். ஒற்றைத் துடுப்பு, பிடி வழுவழுப்பாக இருந்தது. தண்ணீரைத் தள்ளும் அகன்ற பலகையில், கீழ் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஏறியிருந்தது. வீட்டிலிருந்த ஏதோ பசையை அதில் பிதுக்கி, மேலே டேப்பைச் சுற்றியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போட்டி. வேற துடுப்பு எனக்குக் கைக்கு ஒத்துவராது. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?"

நாலு பேரும் துடுப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். இரும்புப் பட்டை அடித்துவிடலாம் என்றார் மாமனார். ரெண்டு பக்கமும் சமமாக ரெண்டு திருகாணி போதும் என்றார் ரசமட்டம். பலகையை வெட்டிவிட்டுப் புதுசாக வைத்தால் என்ன என்றான் சின்னவளின் கணவன். மாப்பிள்ளை வழக்கம்போல செல்போனை எடுத்தார். அவர் சின்னவளின் நாத்தனாருடைய கணவர். பக்கத்துத் தெருவில் செல்போன் கடையில் வேலை. மதியச் சாப்பாட்டு இடைவேளையை நாலரை மணிவரை நீட்டிக்கத் தெரிந்தவர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான், ஆனால் நிறையப் பார்த்திருந்தார்.

துடுப்புக்காரி துண்டை மறுபடி மூடப் போனாள். மூடும் முன் ஓரமாக நின்ற சின்னவளைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

"முதல்ல காயட்டும். மூணு நாள். ஈரத்தோட எதை ஒட்டினாலும் நிக்காது" என்றாள் சின்னவள்.

"அப்ப இவங்களே செய்யட்டும்" என்றாள் துடுப்புக்காரி, சின்னவளைக் காட்டி.

வெளியாள் முன்னால் பெரிய மனசு காட்டுவதென்றால் மாமனாருக்குக் கொள்ளை ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா. இந்தத் துடுப்பு முழுக்கச் சின்னவ பொறுப்பு. நாங்க யாரும் இதுல கை வைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை நீங்க வந்து பாத்து, திருப்தியா எடுத்துட்டுப் போனீங்கன்னா ஜன்னலோர பெஞ்சு அவளுக்கு. இல்லேன்னா இனிமே பெஞ்சுப் பேச்சையே எடுக்கக் கூடாது. என்னப்பா?" மற்ற மூவரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். சின்னவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒரு வேலை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவளுடையது.

மூணு நாள் காயவைத்தாள். பழைய பசையை மெல்லிய ரம்பப் பல்லால் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தாள். வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு ஒட்ட உட்கார்ந்தாள். வெடிப்பை ஒட்டுவதற்கு முன் அதை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். அப்போதுதான் பசை அடிவரை இறங்கும். அவள் மெல்லிய ஆப்பு ஒன்றை வெடிப்பில் செருகி அழுத்தியபோது, தள்ளி நின்று பார்த்த நாலு பேரும், "ஐயையோ" என்றார்கள். ஆனால் கை வைக்கவில்லை. ரெண்டு டப்பாவிலிருந்து சரிபாதி எடுத்துக் கலந்த பசையை, மருந்து ஊசிக் குழாயால் உள்ளே விட்டாள். ஒன்றரைக் கரண்டி போயிற்று. ஆப்பை உருவினாள். கீழே பிளாஸ்டிக் தாளை விரித்து, அகலவாட்டில் மூன்று கிளாம்புகளைப் போட்டு, ரெண்டே விரலால் திருகினாள். வெடிப்பின் வாயில் பசை கடுகு கடுகாக எட்டிப் பார்த்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பசை வேலை செய்ய வேண்டுமானால் அது உள்ளே இருக்க வேண்டும். கிளாம்பு என்பது ரெண்டு மரத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான். கரும்புச் சாறு பிழிவதுபோல் பிழிந்தால் பசையெல்லாம் வெளியே வந்துவிடும். உள்ளே மரமும் மரமும் வெறுமனே முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். இதைச் சின்னவள் நாலு பேருக்கும் பதினோரு வருஷத்தில் பதினோரு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள், "ஆமாமா" என்றிருக்கிறார்கள்.

"இது இறுக ராத்திரி ஆயிடும். காலையில நான் வந்து எடுக்கிறேன். யாரும் தொட்டுடாதீங்க."

"நாங்க ஏம்மா தொடப்போறோம்?" என்றார் மாமனார், மனம் புண்பட்டவராக. சின்னவள் மூன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது நாலு பேரும் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். மாப்பிள்ளைகூட வேலைக்குப் போகுமுன் எட்டிப்பார்க்க வந்திருந்தார். அவள் கிளாம்புகளைக் கழற்றினாள். துடுப்பைத் தூக்கியதும் ஆளாளுக்கு வாய்விட்டுப் பாராட்டினார்கள். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. கோடுகூட இல்லை.

"அடடா! கோடே தெரியலையே!" என்றார் ரசமட்டம்.

"என் மருமகள்னா சும்மாவா?" என்றார் மாமனார்.

சின்னவள் பிளாஸ்டிக் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பசை உருகி உறைந்த மெழுகுபோல் ஒரு சின்னக் குளமாகக் கட்டியிருந்தது. விரலால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உள்ளே விட்டது ஒன்றரைக் கரண்டி. வெளியே கிடந்தது ஏறக்குறைய அதேதான். நல்லபடி ஒட்டிய வெடிப்பில் தலைமுடி அளவுக்காவது பசைக் கோடு தெரியும். கோடே தெரியவில்லை என்றால் உள்ளே பசையே இல்லை என்று பொருள். துடுப்பை முழங்காலில் வைத்து மெல்ல வளைத்தாள். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பாராட்டுச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை.

யார் இறுக்கியது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மாமனார்தான் முதலில் வந்தார். டீத் தம்ளரோடு மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நல்லா வந்திருக்கும்மா. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோ. நேத்து நீ போனப்புறம் பாத்தேன், கிளாம்பு கொஞ்சம் லூசா இருந்துச்சு. நான் லேசா ஒரு கால் சுத்து குடுத்தேன். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். பசங்களுக்குத் தெரிஞ்சா, அப்பாவே வாக்க மீறிட்டாருன்னு ஆகும் பாரு." ஒரு பெரிய வரத்தை ரகசியமாகக் கொடுத்துவிட்டவரைப் போல நடந்து போனார்.

அவர் போன ஐந்தாவது நிமிஷம் ரசமட்டம் வந்தார். "ஏம்மா, வெளிய சொல்லாத. மூணு கிளாம்பும் ஒரே மட்டத்துல இல்ல. நடுவுல இருந்தது ஒரு நூல் அதிகமா இறங்கி இருந்துச்சு. மத்த ரெண்டையும் அதுக்குச் சமமா இறக்கிவிட்டேன். அப்புறம் பாத்தா நடுவுல இருந்தது ஏறிடுச்சு, அதையும் இறக்கினேன். அப்படியே மூணு ரவுண்டு. இல்லேன்னா இவ்வளவு நேரா வந்திருக்குமா சொல்லு?"

மாப்பிள்ளை வாசலிலிருந்து கண்ணாலேயே கூப்பிட்டார். "தங்கச்சி, ஒரு வீடியோல பாத்தேன். கீச்சுன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகணுமாம். சத்தம் வந்ததும்தான் விட்டேன். பேரெல்லாம் உனக்கே இருக்கட்டும். எனக்கு எதுக்கு?" பெயரை விட்டுக்கொடுத்த தியாகம் முகத்தில் பளபளக்க வண்டியில் ஏறப் போனவர், துடுப்புக்காரி என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டே போகலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மிச்சம் இருந்தது ஒருவன்தான். அவன் இல்லை, அவன் மட்டும் இருக்க மாட்டான் என்று சின்னவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் மரத்தூள் மூட்டை கட்டும் இடத்தில் அவன் அவளைத் தனியாகப் பிடித்தான்.

"கோவிச்சுக்காதே. நேத்து சாயங்காலம் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு முழுச் சுத்து இறுக்கிவிட்டேன். உனக்கு வராதுன்னு நெனைக்கல. வரணுமேன்னு பயந்தேன். அந்த பெஞ்சு உனக்குக் கிடைக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

அவன் கண்ணில் நிஜமான அன்பு இருந்தது. அதுதான் அவளை அடித்துப்போட்டது. மற்ற மூன்று பேருக்கும் கை அரிப்பு, பழக்கம், விட்டுத் தள்ளலாம். இவன் அவளோடு பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தவன். அவள் விரல் எப்போது நிற்கும் என்று இவனுக்குமா தெரியாது? அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழ நேரமில்லை. பதினொன்றரை ஆகிவிட்டது, பன்னிரண்டுக்குத் துடுப்புக்காரி வருவாள்.

அரை மணி நேரம் அவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். பேசாமல் கொடுத்துவிடலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. துடுப்புக்காரி பார்த்ததும் மயங்கிவிடுவாள். பெஞ்சு அவளுடையதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை உடைந்தால் தண்ணீர்மேல் பழி, பாறைமேல் பழி. அந்த வீட்டில் பழியை வேறு இடத்தில் வைக்கப் பதினோரு வருஷம் பாடம் கேட்டிருக்கிறாள், ஒன்றுகூடவா ஞாபகம் இருக்காது? ஆனால் நட்டாற்றில், முப்பது படகுகளுக்கு நடுவில், கையில் பாதித் துடுப்போடு அந்தக் கதவு நிலைத் தோள்காரி உட்கார்ந்திருப்பது அவள் கண்முன் வந்தது. மூன்று நாள் காத்திருந்து சுரண்டிய கை அதற்கு ஒப்பவில்லை.

துடுப்புக்காரி வந்தாள். பார்த்தாள். "அம்மாடி, புதுசு மாதிரி இருக்கே!" என்று கையை நீட்டினாள். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் புன்னகைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சின்னவள். ரெண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, வெடிப்பு நடுவில் வரும்படி துடுப்பின் பலகையை அவற்றின்மேல் குறுக்கே பாலமாக வைத்தாள். நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினாள்.

பட்டென்று பிளந்தது. காய்ந்த நெற்று பிளப்பதுபோல, ஒட்டிய இடத்திலேயே சுத்தமாக. உள்ளே ரெண்டு பக்கமும் வெறும் மரம். விளிம்பில் மட்டும் நூல் மாதிரிக் கொஞ்சம் பசை.

"என்னங்க இது?" துடுப்புக்காரியின் குரல் ஏறியது. "இதுல பசையே இல்லையே! யாரு ஒட்டினது?"

"இவதான்" என்றார்கள் நாலு பேரும்.

அந்த ஒற்றுமையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குத் தேதி குறிக்கக்கூட அந்த நாலு பேரும் ஒத்துப்போனதில்லை. "முழுக்க முழுக்க அவதாங்க" என்றார் மாமனார். "நாங்க கிட்டக்கூடப் போகல" என்றார் ரசமட்டம். "பாக்கக்கூட இல்ல" என்றார் மாப்பிள்ளை. கணவன் வாயைத் திறந்தான், தரையைப் பார்த்தான், "ஆமா" என்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆளுக்குக் கால் பங்கு புகழ் கேட்டு வரிசையில் வந்தவர்கள், இப்போது மொத்தத்தையும் அவளிடமே விட்டுவிட்டார்கள்.

சின்னவள் வெடித்துவிட இருந்தாள். நாலு பேர் மானத்தையும் ஒரே மூச்சில் கப்பலேற்ற வாயெடுத்து, மாமனார் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணிமைகள் அவளை நோக்கிப் படபடவென்று துடித்தன. சொல்லிவிடாதே என்று கெஞ்சின. ரசமட்டத்தைப் பார்த்தாள். அதே கெஞ்சல். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் தலையை லேசாக ஆட்டினார். கணவன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான் ஒருவன்தான் இறுக்கினேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பேரும் வாக்கைக் காப்பாற்றிய உத்தமர்கள். பாவி நான் மட்டும்தான் என்று நாலு பேரும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் திறந்த வாயை மூடினாள். பிறகு நிதானமாகத் திறந்தாள்.

"மாமா, நான் சரியாத்தான் ஒட்டினேன். நான் போனப்புறம் கிளாம்ப இறுக்கியிருக்காங்க. பசை அவ்வளவும் வெளிய வந்துடுச்சு. இதோ பாருங்க." கையிலிருந்த பசைக் கட்டியை மேசைமேல் வைத்தாள். "இறுக்கினது யாருன்னும் எனக்குத் தெரியும். எங்கிட்டயே ஒத்துக்கிட்டாச்சு. எல்லாரும் இருக்கும்போதே பேரச் சொல்லிடவா?"

"வேணாம்!" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது.

"எதுக்கும்மா, வெளியாள வச்சுக்கிட்டு" என்றார் மாமனார் அவசரமாக.

"நடந்தது நடந்துபோச்சு, பாவம், யாரோ நல்லெண்ணத்துல பண்ணியிருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

"சரி, சொல்லல. அப்ப பெஞ்சு என்ன ஆச்சு?"

"குடுத்துடலாம்பா!" என்றார் ரசமட்டம், அப்பாவை முந்திக்கொண்டு. "அவமேல என்ன தப்பு?" "நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல மாமா?" என்றார் மாப்பிள்ளை. "குடுத்துடுங்கப்பா" என்றான் கணவன், இன்னும் தரையைப் பார்த்தபடி. ரெண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நான் எப்பவோ குடுத்தாச்சே! இன்னும் அதுல என்னோட பிளாஸ்க்க யாரு வச்சிருக்கிறது?" என்று கோபித்துக்கொண்டார். நாலு பேரும் ஓடினார்கள். செய்தித்தாளும் ரேடியோவும் ஹெல்மெட்டும் பறந்தன. ஐந்து நிமிஷத்தில் பெஞ்சைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். யார் அதிகம் துடைப்பது என்று போட்டி வேறு. குற்ற உணர்ச்சியைப் போல நல்ல துடைப்பம் கிடையாது.

சின்னவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு கசப்பும் இருந்தது. திறமையைக் காட்டிக் கேட்டபோது கிடைக்காத பெஞ்சு, பயத்தைக் காட்டியதும் கிடைத்துவிட்டது. ஆனால் பெஞ்சு பெஞ்சுதான்.

துடுப்புக்காரிக்குப் போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். சுத்தமாகப் பிளந்திருந்ததால் மறுபடி ஒட்டுவது சுலபம். மறுநாள் காலையில் கொண்டுபோகலாம் என்றாள் சின்னவள். துடுப்புக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க, சின்னவள் விளிம்பைச் சுரண்டி, பசை கலந்து, ரெண்டு பக்கமும் தடவி, கிளாம்பு போட்டு, ரெண்டு விரலால் திருகினாள். கடுகு கடுகாகப் பசை எட்டிப் பார்த்தது. தலைமுடி அளவு கோடு ஒன்று தெரிந்தது.

"கோடு தெரியுதேம்மா" என்றார் ரசமட்டம், தூரத்திலிருந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"தெரியட்டும் அத்தான்."

அப்புறம் மூன்று கிளாம்புகளிலும் திருகுவதற்கு இருந்த குறுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, தன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் பட்டறை பூட்டும்வரை நாலு பேரும் அந்தப் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்ததாகவும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்றும் பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே ஆற்றங்கரைக்குப் போனது. நாலு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துடுப்பு உடையவில்லை. துடுப்புக்காரி கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். அதற்குப் பசை பொறுப்பில்லை. கரையேறியதும் அவள் துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிச் சின்னவளுக்குக் காட்டினாள். சின்னவள் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது கணவன் நடையைக் குறைத்தான். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தான். மகள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாவித்தாவிப் போனாள்.

"என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தியே. எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றான்.

இதே வாக்கியத்தை அவள் வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று பேரிடம் கேட்டாயிற்று. மாமனார் கண்கலங்கச் சொன்னார். ரசமட்டம் தன் ரசமட்டத்தையே அவளுடைய பெஞ்சுக்குக் காணிக்கையாக வைத்தார். மாப்பிள்ளை செல்போனில் கைகூப்பும் படம் பன்னிரண்டு அனுப்பியிருந்தார்.

"உனக்கு வராதுன்னு நான் நெனைக்கவே இல்ல. பயம்தான்" என்றான் மறுபடி.

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள் அவள்.

அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. முன்னால் அப்பா, அண்ணன், மாப்பிள்ளை மூவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவதைப் பார்த்தான்.

"அதோ போறாங்க பாரு. ஒருத்தர்கூட வாக்க மீறல. கட்டினவன் நான் ஒருத்தன்தான் மீறியிருக்கேன். நெனைச்சா வெக்கமா இருக்கு."

சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் வெக்கப்படுங்க."